வயலுக்கும் வீட்டுக்கும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிரில் ஒரு புழுவைக் கண்டாலும் சரி, சமையலறையில் ஒரு கரப்பானைக் கண்டாலும் சரி, உடனே எதையாவது அடித்துவிட வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். அதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. விவசாயம் செய்பவர்களும் குடியிருப்புகளில் வாழ்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, தெரிந்தவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்றால் மருந்தே அடிக்கக் கூடாதா?

அடிக்கலாம். ஆனால் அது கடைசியாக எடுக்கும் ஆயுதம். பூச்சி பெருகாதபடி பயிரை வளர்ப்பது, வாரம் தவறாமல் வயலைப் பார்த்து எண்ணிக்கை எடுப்பது, பூச்சியைத் தின்னும் பூச்சிகளைக் காப்பது, கையாலும் பொறியாலும் முடிந்ததைச் செய்வது, இவ்வளவுக்கும் அடங்காமல் சேதம் எல்லை தாண்டும்போது, தேவையான இடத்தில் மட்டும் பொருத்தமான மருந்தைப் பயன்படுத்துவது. இந்த வரிசைதான் முக்கியம்.

பூச்சியை அடியோடு ஒழிப்பது இதன் நோக்கம் கிடையாது. வயலில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி கொஞ்சம் இருந்தால்தான், அதைத் தின்னும் பொறிவண்டு அங்கே தங்கும். இரை முழுவதும் தீர்ந்துவிட்டால் வேட்டையாடிகள் இடம் பெயர்ந்துவிடும். அடுத்த முறை அசுவினி வரும்போது தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இது புதிதாக வந்த யோசனையா?

பெயர்தான் புதிது. டி.டி.டி. என்ற ரசாயனத்தின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-ல் பால் முல்லர் கண்டுபிடித்தார். 1948-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இனி பூச்சித் தொல்லையே இருக்காது என்று உலகம் நம்பிய காலம் அது. 1940-கள் முடிவதற்குள்ளேயே வீட்டு ஈக்கள் அதைத் தாங்கிப் பிழைக்க ஆரம்பித்துவிட்டன.

1959-ல் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் என்ற நான்கு கலிபோர்னிய ஆய்வாளர்கள், குதிரைமசால் பயிரைத் தாக்கிய அசுவினியை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இயற்கை எதிரிகளையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும், சேதம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டினால்தான் மருந்தைத் தொட வேண்டும் என்றார்கள். இன்று நாம் பேசுவதெல்லாம் அதன் தொடர்ச்சிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறையாக மருந்து பயன்படுத்தும் எல்லோரும் இந்தக் கொள்கைகளைப் பின்பற்ற வேண்டும் என்பது 2014 முதல் விதியாகவே இருக்கிறது.

எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கத்தான் வேண்டும். ஏனென்றால் நம்மில் பலர் கொன்றிருப்பது நமக்காக வேலை செய்துகொண்டிருந்தவர்களை.

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், சிவப்பு ஓட்டில் கறுப்புப் புள்ளிகள். ஆனால் அதன் புழுவைத் தெரிந்தவர்கள் குறைவு. சாம்பல் கலந்த கறுப்பு நிறம், நீளமான உடல், முதுகில் சிறு முட்கள், பக்கவாட்டில் ஆரஞ்சுப் பொட்டுகள், ஆறு கால்களில் விறுவிறுவென்று ஓடும். பார்க்க அழகாக இருக்காது. அதனாலேயே "ஏதோ புதுப் புழு" என்று நசுக்கிவிடுகிறார்கள். வண்டாவதற்குள் அந்த ஒரு புழு நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும்.

அடுத்த முறை அசுவினி அப்பியிருக்கும் இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ உள்ள கூட்டத்துக்கு நடுவே, ஒன்றிரண்டு மட்டும் உப்பி, வெண்கலம் அல்லது காய்ந்த வைக்கோல் நிறத்தில், அசையாமல் இலையோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். தொட்டால் காகிதம் போல மொடமொடக்கும். அவை செத்த அசுவினிகள். ஒரு கொசுவை விடச் சிறிய குளவி அதன் உடம்புக்குள் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. உள்ளே பிறந்த குளவிப் புழு அசுவினியைத் தின்று, அதன் தோலையே கூடாக்கி வளர்கிறது. சிலவற்றின் பின்பக்கம் கத்தரித்தது போல வட்டமான ஓட்டை தெரியும், சில நேரம் அதன் மூடிகூட ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டை வழியாகக் குளவி வெளியேறி அடுத்த அசுவினியைத் தேடிப் போய்விட்டது. இப்படிப்பட்ட கூடுகள் இலைக்கு இலை தென்பட்டால், இரண்டு மூன்று நாள் பொறுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் தெளிப்பானை எடுக்க வேண்டிய அவசியமே வராது.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். தலைமுடி போன்ற மெல்லிய காம்பு ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முட்டை, இலையிலிருந்து சற்று உயரத்தில் நிற்கும். பூஞ்சைக் காளான் முளைத்துவிட்டது என்று நினைத்து இதற்கும் மருந்து அடிப்பவர்கள் உண்டு. சிலந்திகள், தட்டான்கள், தரையில் ஓடும் கறுப்பு வண்டுகள் இவை எல்லாமே நம் பக்கம்தான்.

வயலை எப்படிப் பார்ப்பது? எத்தனை நாளுக்கு ஒரு முறை?

வாரம் ஒரு முறையாவது, காலை வெயில் ஏறுவதற்குள். வரப்பில் நின்று பார்த்தால் வரப்போரம்தான் தெரியும். உள்ளே இறங்கி, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, அங்கங்கே மொத்தம் இருபது செடிகளைப் பாருங்கள். மோசமாகத் தெரியும் செடியைத் தேடிப் போகாமல், பத்து அடி நடந்ததும் காலடியில் எது நிற்கிறதோ அதையே எடுங்கள். இலையின் அடிப்பக்கம், குருத்து, தண்டின் அடிப்பகுதி, பூ, காய் எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இலைப்பேன், சிலந்திப்பேன் போன்றவை கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாது. ஒரு வெள்ளைத் தாளைச் செடிக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசியில் எது நகர்கிறது என்று அரை நிமிடம் கூர்ந்து பாருங்கள். ஒல்லியாக, கோடு போல ஊர்ந்தால் இலைப்பேன். உருண்டையாகப் புள்ளி போல மெதுவாக நகர்ந்தால் சிலந்திப்பேன். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை. பல பூச்சிக்கொல்லிகள் அதை ஒன்றும் செய்யாது, அதைத் தின்னும் உயிர்களைத்தான் கொல்லும்.

பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். தேதி, செடிக்கு எத்தனை தீமை செய்யும் பூச்சி, எத்தனை நன்மை செய்யும் பூச்சி, பயிரின் வயது, மழை பெய்ததா. நாலு வரி போதும். போன வாரம் செடிக்கு இரண்டு, இந்த வாரம் ஐந்து என்றால் ஏறுகிறது. போன வாரம் ஐந்து, இந்த வாரமும் ஐந்து, ஆனால் சிலந்தி இரண்டு மடங்காகியிருக்கிறது என்றால் அது வேறு கதை. நினைவை நம்பினால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

எத்தனை பூச்சி இருந்தால் மருந்து அடிக்கலாம்?

பொருளாதாரச் சேதநிலை என்று சொல்வது இதைத்தான். பயிருக்குப் பயிர், பூச்சிக்குப் பூச்சி, பயிரின் வயதுக்கு ஏற்ப இது மாறும். அந்தந்தப் பயிருக்கான எண்ணிக்கையை வேளாண் துறையின் கையேடுகளில் பார்த்துக்கொள்ளலாம். அதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது, ஒரு முறை புரிந்துவிட்டால் பிறகு மறக்காது.

ஒரு எக்டேருக்கு மருந்து, கூலி எல்லாம் சேர்த்து ஆகும் செலவு 60 கிலோ விளைபொருளின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மருந்து, வரப்போகும் சேதத்தில் 80 சதவீதத்தைத் தடுக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் பூச்சி 75 கிலோவைத் தின்னும் நிலை வந்தால்தான் செலவும் வரவும் சரிக்குச் சரி. அதற்குக் கீழே இருக்கும்போது அடித்தால், பூச்சி தின்பதை விட அதிகமாக நாமே இழக்கிறோம். செடிக்குச் சராசரியாக ஒரு புழு இருந்தால் எக்டேருக்கு 25 கிலோ இழப்பு ஏற்படும் என்றால், செடிக்கு மூன்று புழு என்பது எல்லை. மருந்து வாங்கி, ஆள் பிடித்து, வானிலை பார்த்து அடிப்பதற்குள் புழு பெருகும் என்பதால், மூன்றைத் தொடும் முன்பே நடவடிக்கையைத் தொடங்க வேண்டும்.

இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள். உங்கள் செலவையும் உங்கள் விளைச்சலையும் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நச்சுயிரி (வைரஸ்) நோயைப் பரப்பும் பூச்சிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வெள்ளை ஈ கொஞ்சமாக இருந்தாலும் நோயைச் செடிக்குச் செடி கடத்திவிடும். அங்கே நோய் தாங்கும் ரகம், வலை போட்டு மூடிய நாற்றங்கால், நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துவது இவைதான் கைகொடுக்கும்.

இலையெல்லாம் ஓட்டையாகத் தெரியும்போது எப்படிச் சும்மா இருப்பது?

மனசு கேட்காதுதான். ஆனால் பயிர் நாம் நினைப்பதை விடத் திடமானது. நெல் தூர் கட்டும் பருவத்தில் இலைச்சுருட்டுப் புழு இலையைச் சுரண்டி வெள்ளையாக்கிவிடும், பார்க்கப் பயமாக இருக்கும். அந்தப் பருவத்தில் பயிர் புது இலைகளை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும், பெரும்பாலும் விளைச்சல் குறையாது. வியட்நாமின் மேகாங் ஆற்றுப் பகுதியில் 1990-களில் இதையே விவசாயிகளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். விதைத்த முதல் 40 நாட்களுக்கு இலை தின்னும் புழுக்களுக்கு மருந்து வேண்டாம், வயலின் ஒரு பகுதியில் மட்டும் செய்து பாருங்கள் என்றார்கள். செய்து பார்த்தவர்கள் தெளிப்பைக் குறைத்துக்கொண்டார்கள்.

கதிர் வரும் சமயத்தில், கதிரை ஒட்டிக் கடைசியாக வரும் கண்ணாடி இலை சேதமாவது வேறு விஷயம். அப்போது பொறுமை காட்டக் கூடாது.

மருந்து அடித்த பிறகுதான் பூச்சி அதிகமாகிறது என்கிறார்களே, அது எப்படி முடியும்?

முடியும். நெல்லைத் தாக்கும் புகையானை எடுத்துக்கொள்வோம். அது தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கும். தெளிக்கும் மருந்து வெளியே திரியும் புகையானைக் கொல்லும், உள்ளே பத்திரமாக இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதே சமயம் புகையானை வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தி, அதன் முட்டையையே உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி இரண்டும் வெளியில் திரிபவை, மருந்தில் செத்துவிடும். ஒரு வாரம் கழித்து முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும்போது வயலில் எதிரி என்று யாருமே இல்லை. சிலந்தி மெதுவாகப் பெருகும், புகையான் வேகமாகப் பெருகும். விவசாயி பயந்துபோய் மறுபடி அடிப்பார். வயல் வட்ட வட்டமாகக் கருகும்வரை இது தொடரும்.

இந்தோனேசியாவில் இது ஒரு நாட்டின் அளவில் நடந்தது. அரசே பெருமளவு மானியம் கொடுத்ததால் பூச்சிமருந்து மிக மலிவாகக் கிடைத்தது, அடித்துத் தள்ளினார்கள். 1980-களின் நடுவில் புகையான் மறுபடி வெடித்துக் கிளம்பியது. கடைசியில் 1986-ல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. நெல்லுக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகள் தடை செய்யப்பட்டன. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. மருந்துப் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது, ஆனால் நெல் உற்பத்தி சரியவில்லை.

அங்கே 1989-ல் தொடங்கியதுதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. இருபது முப்பது பேர் வாரம் ஒரு நாள் காலையில் வயலில் கூடுவார்கள். செடிகளைப் பார்த்து எண்ணுவார்கள், கண்டதைப் பெரிய தாளில் வரைவார்கள். பயிர் நடுவில், தீமை செய்யும் பூச்சி ஒரு பக்கம், நன்மை செய்வது மறு பக்கம். அப்புறம் இந்த வாரம் என்ன செய்வது என்று பேசி முடிவெடுப்பார்கள். யாரோ வந்து சொல்லிக்கொடுத்ததை விட, சிலந்தியையும் புகையானையும் ஒரே கூண்டில் அடைத்து மறுநாள் எண்ணிப் பார்த்ததில்தான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. உலகின் பல நாடுகளுக்கு இந்த முறை பரவியிருக்கிறது.

பூச்சி வராமலேயே தடுக்க என்னென்ன செய்யலாம்?

ஒரே பயிரை அதே நிலத்தில் திரும்பத் திரும்ப வைக்காமல் இருப்பதே பாதி வேலையை முடித்துவிடும். மண்ணில் கூட்டுப்புழுவாகக் காத்திருப்பது வெளியே வரும்போது அதற்கான உணவு அங்கே இருக்கக் கூடாது. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் பயிர் கருகருவென்று பச்சையாகத் தெரியும், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கும் அதுதான் பிடிக்கும். அசுவினியும் புகையானும் அதிகமாகும் வயல்களில் முதலில் உரக்கணக்கைப் பாருங்கள். இடைவெளி விட்டு நடுவது, அறுவடைக்குப் பின் அடித்தாளை உழுது மடக்குவது, அந்தப் பகுதியில் எல்லோரும் ஒரே சமயத்தில் விதைப்பது, தாங்கும் ரகத்தைத் தேர்வு செய்வது எல்லாம் செலவு அதிகம் வைக்காத வேலைகள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கிழக்கு ஆப்பிரிக்க மக்காச்சோளம். கென்யாவில் 1990-களில் ஆய்வாளர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டுகிறது. வெளியே நிற்கும் நேப்பியர் புல் அதை இழுக்கிறது. புல்லில் முட்டையிட்டாலும் புழுக்கள் பெரும்பாலும் அங்கே பிழைப்பதில்லை. டெஸ்மோடியத்தின் வேர் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையையும் அடக்குகிறது, மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கிறது. புல் மாட்டுக்குத் தீவனம். ஒரு பூச்சிக்காகத் தொடங்கியது இத்தனைக்கும் விடையானது.

நன்மை செய்யும் பூச்சிகளை வாங்கி விடலாமா?

விடலாம். டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம்தான். அந்துப்பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து, புழு பிறக்கும் முன்பே முடித்துவிடும். அட்டைகளில் ஒட்டி விற்பார்கள். அந்துப்பூச்சி முட்டையிடத் தொடங்கும் நாளில் கட்ட வேண்டும், புழு வந்த பிறகு கட்டினால் வீண். கட்டிய பின் மருந்து அடித்தாலும் வீண்.

இதன் வரலாறு பெரியது. 1888-ல் ஆல்பர்ட் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கிருந்து ரோடோலியா என்ற பொறிவண்டை கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். சில நூறு வண்டுகள்தான். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த செதில் பூச்சியை அவை இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கின. 1940-களில் அதே தோட்டங்களில் டி.டி.டி. அடித்தபோது வண்டுகள் செத்தன, செதில் பூச்சி திரும்பி வந்தது. ஆப்பிரிக்காவில் 1970-களில் மரவள்ளியைச் சூறையாடிய மாவுப்பூச்சிக்கும் இப்படித்தான் தீர்வு கிடைத்தது. அதன் தாயகமான தென் அமெரிக்காவில் தேடி, பராகுவேயில் ஒரு சின்னக் குளவியைக் கண்டெடுத்தார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

தவறிய கதையும் உண்டு. 1935-ல் கரும்பு வண்டுகளைத் தின்னட்டும் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு தேரை இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டுகளை அடக்கவில்லை, தன் நஞ்சால் அந்த மண்ணின் உயிரினங்களைக் கொன்றபடி இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. எது கண்டாலும் தின்னும் உயிரை வெளியிலிருந்து கொண்டுவருவது ஆபத்து. குறிப்பிட்ட ஒரு பூச்சியை மட்டும் தேடும் எதிரிதான் வேண்டும், அதையும் முறையாகச் சோதித்த பிறகே.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன், ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றுவது நல்லது. வரப்பில் பூக்கும் செடிகள் இருந்தால் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும். மாவுப்பூச்சி இருக்கும் செடியில் எறும்பு ஏறினால் முதலில் எறும்பைத் தடுங்கள். இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை அண்ட விடாது.

விளக்குப்பொறியை இரவு முழுக்க எரிய விடலாமா?

வேண்டாம். பொழுது சாய்ந்த முதல் சில மணி நேரம் போதும். விடிய விடிய எரிந்தால் நல்ல பூச்சிகளும் சேர்ந்து விழும். பெண் பூச்சியின் வாசனையை வைத்து இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் இந்தக் குறை இல்லை, குறிப்பிட்ட இனத்தின் ஆண் அந்துப்பூச்சி மட்டுமே வரும். ஆனால் அதைக் கண்காணிக்க வைப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பொறி வைத்துவிட்டு பூச்சி ஒழிந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

வேப்பங்கொட்டைக் கரைசல் இயற்கைதானே, எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாமா?

வேப்பங்கொட்டைக் கரைசல் நல்ல மருந்து. 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் அடிக்க வேண்டும். வேம்பில் பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் வெயிலில் சிதைந்துவிடும். பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. இது பூச்சியை உடனே கொல்லாது, தின்ன விடாமலும் தோலுரிக்க விடாமலும் செய்யும். அதனால் இளம் புழுக்களிடம்தான் நன்றாக வேலை செய்யும். மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு "ஒன்றும் சாகவில்லையே" என்று ஏமாற வேண்டாம்.

ஆனால் இயற்கை என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். புகையிலைக் கரைசலில் உள்ள நிகோடின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், கடும் விஷம். வேப்பெண்ணெயைக் கூடுதலாகக் கலந்து அடித்தால் இலை கருகும். எந்தக் கரைசலுக்கும் அளவும் கையுறையும் வேண்டும்.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால்?

முதலில் எந்தப் பூச்சி என்று உறுதி செய்யுங்கள். மக்காச்சோளக் குருத்தில் இருக்கும் புழுவின் தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோடும், வாலுக்குச் சற்று முன்னால் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் அது படைப்புழு. குருத்துக்குள் பதுங்கியிருப்பதால், வயல் முழுக்கப் பனி போல அடிப்பதில் பயனில்லை. குருத்துக்குள் இறங்கும்படி, தாக்கிய செடிகளுக்கு மட்டும் விட வேண்டும். புழுக்களை மட்டும் தாக்கும் பி.டி. நுண்ணுயிரி மருந்து கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் அது கெடுதல் செய்யாது.

அடுத்தது எதிர்ப்புத்திறன். 1914-லேயே மெலாண்டர் என்ற ஆய்வாளர், செதில் பூச்சிகள் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலைத் தாங்குவதைப் பதிவு செய்தார். நடப்பது இதுதான்: ஆயிரத்தில் ஒன்று பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். மற்றவை செத்துப்போக, அடுத்த தலைமுறை அதன் பிள்ளைகள். மருந்தை மாற்றி அடிக்கச் சொல்வது அதற்காகத்தான். ஆனால் பெயரை மாற்றினால் போதாது. வேறு வேறு பெயரில் வரும் மருந்துகள் ஒரே வழியில் கொல்பவையாக இருக்கலாம். பல நாடுகளில் லேபிளில் செயல்முறைத் தொகுதி எண் இருக்கும். 3ஏ என்றால் பைரித்ராய்டு, 4ஏ என்றால் நியோனிகோட்டினாய்டு, 28 என்றால் டயமைடு. எண் மாறினால்தான் மருந்து மாறியது.

பூக்கும் பருவத்தில் தேனீக்கள் வேலை முடித்துப் போன பிறகு, மாலையில் அடியுங்கள். காற்று வீசும் நேரம் வேண்டாம். அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களை லேபிளில் பார்த்து நோட்டில் குறித்துவையுங்கள். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவை ஓட்டை போட்டுவிடுங்கள். வேறு எதற்கும் அதை யாரும் எடுத்துவிடக் கூடாது.

ஒரு மருந்து கேட்கவில்லை, இரண்டு மூன்றைக் கலந்து அடிக்கலாமா?

கூடாது. கலந்தால் என்ன ஆகும் என்பது லேபிளில் சொல்லப்பட்டிருந்தால் தவிர, பயிருக்கும் அடிப்பவருக்கும் ஆபத்து. கேட்காமல் போனதற்குக் காரணம் தவறான மருந்தா, தவறான நேரமா, முனைக்குழாய் சரியில்லையா என்று முதலில் பாருங்கள். இலையின் அடிப்பக்கம் நனையாமல் போனதுதான் பல நேரம் காரணமாக இருக்கிறது.

குடியிருப்பில் கரப்பானும் எலியும் தொல்லை கொடுக்கின்றன. இந்த முறை அங்கேயும் செல்லுமா?

அப்படியே செல்லும். உணவு, தண்ணீர், ஒளிய இடம் மூன்றையும் குறைப்பதுதான் முதல் வேலை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கதவடி, குழாய் நுழையும் இடம், சுவர் மூலை எல்லாம் சுற்றிவாருங்கள். பென்சில் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும். கம்பி வலை வைத்துச் சிமென்ட் பூசுங்கள், துணியும் பஞ்சும் வைத்தால் கடித்துவிடும். எலி புதுப் பொருளைக் கண்டு பயப்படும், அதனால் பொறியைச் சில நாள் விசை போடாமல் இரையோடு மட்டும் வைத்து, பழகிய பின் விசை போடுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் விஷத்தைத் தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும். அதற்குள் அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் விஷம் போய்ச் சேரும்.

கரப்பானுக்கு அறை முழுக்கத் தெளித்தால் அவை சிதறிப் பக்கத்து வீட்டுக்குப் போகும், பிறகு திரும்பி வரும். விரிசல்களில் வைக்கும் ஜெல் இரைதான் நல்லது. வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் இரையைத் தொடாது. அடுக்குமாடியில் ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை, ஒரே குழாய்வழியில் இருக்கும் எல்லா வீடுகளும் ஒன்றாகச் செய்ய வேண்டும்.

கொசுவுக்குப் புகை அடிக்கச் சொல்லிக் கேட்கலாமா?

புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள். ஆகவே வாரம் ஒரு முறை தேங்கிய நீரைக் கொட்டினால் சுழற்சி அறுந்துபோகும். கொட்டியதும் பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். இந்தக் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். உங்களைக் கடிப்பது உங்கள் தெருவில் பிறந்தது.

நான் மட்டும் செய்தால் பக்கத்து வயலில் இருந்து வந்துவிடாதா?

வரும். வயலில் நன்மை செய்யும் பூச்சிகள் நிறைந்திருந்தால் வந்தது எல்லாம் பெருகாது, அதனால் தனியாகச் செய்தாலும் பலன் உண்டு. ஆனால் சில பூச்சிகளுக்குக் கூட்டு முயற்சி இல்லாமல் வழியே இல்லை.

கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் திருகுப்புழு ஈயின் பெண் ஒரு முறைதான் இணைசேரும். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களை ஏராளமாகப் பறக்கவிட்டால் முட்டை பொரியாது என்று நிப்ளிங் என்ற ஆய்வாளர் சொன்னார். 1954-ல் குராசோ தீவில் செய்து பார்த்தார்கள், சில மாதங்களில் அங்கே அந்த ஈ இல்லாமல் போனது. அமெரிக்காவின் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக 2018-ல் அறிவித்தார்கள். மலட்டு அந்துப்பூச்சி, பி.டி. நுண்ணுயிரியின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய பி.டி. பருத்தி, இனக்கவர்ச்சிப் பொறி, அடித்தாளை அழிப்பது எல்லாவற்றையும் பகுதி முழுக்க எல்லோரும் சேர்ந்து பல ஆண்டுகள் செய்ததன் பலன்.

வயல் எலிக்கும் இதே கதைதான். கதிர் கட்டும் பருவத்தில் எலி பெருகத் தொடங்கும். அதற்கு முன்பே, ஒரே வாரத்தில், ஊர் முழுக்க வளை வெட்டிப் பிடித்தால்தான் குறையும். வரப்பை 30 சென்டிமீட்டருக்குக் குறைவான அகலத்தில் வைத்தால் வளை தோண்ட இடம் கிடைக்காது.

இந்தப் பருவத்திலேயே தொடங்க எளிய வழி என்ன?

நிலம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு மூலையைப் பிரித்து, அங்கே எண்ணிப் பார்த்த பிறகு மட்டுமே முடிவெடுங்கள். மற்ற இடத்தை வழக்கம்போல நடத்துங்கள். இரண்டுக்கும் ஆன செலவையும் விளைச்சலையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

கையால் பறித்த முட்டைக் குவியல்களை நசுக்கவோ எரிக்கவோ செய்யாதீர்கள். ஒரு பாட்டிலில் போட்டு, வாயைச் சிறு கண்ணுள்ள வலைத்துணியால் கட்டி, வயலோரம் நிழலில் வையுங்கள். அடியில் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் எறும்பு ஏறாது. நல்ல முட்டையிலிருந்து புழுக்கள் பொரித்தால் உள்ளேயே பசியில் சாகும். கறுத்துப்போன முட்டைகள் பல குளவி ஏறியவை. சில நாட்களில் அவற்றிலிருந்து மணல் பொடி போலக் குளவிகள் வந்து, வலைக்கண் வழியாக நுழைந்து வயலுக்குப் பறந்து போகும்.